சுவரோடு கட்டிய மரங்கள்

டெய்லரம்மா தோட்டச் சங்கத்தில் சேர்ந்தது பூவுக்காக அல்ல, கழுத்துக்காக. நாள் முழுக்கத் தையல் மெஷின் மேல் கவிழ்ந்தே இருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டு திரும்ப மறுத்தது. "வாரத்துல ஒரு சாயங்காலமாவது நிமிர்ந்து எதையாவது பாருங்கம்மா" என்றார் டாக்டர். எதைப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை. ஊரில் அதற்கென்று இருந்தது தோட்டச் சங்கம் ஒன்றுதான். அவள் வைத்த ரோஜாவெல்லாம் பட்டுப்போயின. ஆனாலும் பழங்காலத் தோட்டங்களைப் பார்த்துவரச் சங்கம் பஸ் ஏற்பாடு செய்தபோது முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான்.

சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். ஊருக்குக் குடிவந்து சில வருடம்தான் ஆகிறது. அதற்குள் எந்தக் கூட்டமானாலும் அவர் பேசாமல் முடியாது என்றாகிவிட்டது. பஸ்ஸில் மைக் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதை அவர் கையிலிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை. டெய்லரம்மாவின் பக்கத்துச் சீட்டில் கோழிக்கடை அக்கா. பஸ் ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே வாயைப் பிளந்து தூங்கிவிட்டாள்.

முதலில் போன தோட்டம் சுமார்தான். பாசி படிந்த குளம், தலையில்லாத சிலைகள். எல்லோரும் சிலைகளுக்குப் பின்னால் நின்று தங்கள் தலையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மதியத்துக்கு மேல் இரண்டாவது தோட்டத்துக்குப் போனார்கள். வானம் மூடிக்கிடந்தது, மழையும் இல்லை, காற்றும் இல்லை. பழைய மாளிகை ஒன்றின் பின்புறம் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு செங்கல் சுவர். சுவருக்குள்தான் தோட்டம். உள்ளே போக ஒரு சின்னக் கதவு. எல்லோரும் நுழைந்ததும் கதவு தன் கனத்தாலேயே பின்னால் சாத்திக்கொண்டது.

சுற்றிக்காட்ட வந்தவள் முப்பதைத் தாண்டாத பெண். வட்ட முகம், ஓயாத சிரிப்பு.

"மெதுவா வாங்க, அவசரமே இல்ல. முந்நூறு வருஷமா எங்கயும் போகாத தோட்டம், இன்னிக்கு மட்டும் எங்க போயிடப் போகுது?" என்றாள். எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று.

டெய்லரம்மாவுக்கும் பிடித்தது. ஆனால் தொழில் புத்தி, கண் முதலில் சட்டைக்குத்தான் போகும். இந்தப் புழுக்கத்தில் அந்தப் பெண் கழுத்துவரை பித்தான் போட்டிருந்தாள். கை மணிக்கட்டுவரை நீண்டிருந்தது. அரைக்கைச் சட்டையாகத் தைத்ததுதான் அது. முழங்கைக்குக் கீழே வேறு துணி வாங்கி, நிறம் ஒட்டுமா பார்த்து, பிறகு சேர்த்திருக்கிறார்கள். நல்ல கை வேலை. சாதாரணமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

அதைப் பார்த்ததும் டெய்லரம்மாவுக்கு ஏதோ ஞாபகம் வரப்பார்த்தது. என்னவென்று பிடிபடவில்லை.

"இதுதான் எங்க தோட்டத்தோட பெருமை" என்று அந்தப் பெண் தெற்குச் சுவரைக் காட்டினாள். சுவர் நெடுகப் பேரிக்காய் மரங்கள். மரம் என்றால் மரம் மாதிரியே இல்லை. தட்டையாக, சுவரோடு சுவராக, இரண்டு பக்கமும் கைகளை நீட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு கிளையும் சுவரில் அடித்த ஆணியோடு கட்டப்பட்டிருந்தது.

"கிளை துளிரா இருக்கும்போதே கட்டிடணும். அப்பதான் கட்டியிருக்கறதே அதுக்குத் தெரியாதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார். அவர்தான் இங்க தலைமைத் தோட்டக்காரர். கயிறு போட மாட்டார், பட்டையை அறுத்துடுமாம். பழைய துணிதான்."

டெய்லரம்மா குனிந்து பார்த்தாள். சட்டைத் துணி, விரல் அகலத்துக்குக் கிழித்தது. ஒன்றில் பித்தான் துளைகூட அப்படியே இருந்தது. கை நுனிப் பட்டியைக் கிழித்திருக்கிறார்கள். துணியைப் பார்த்துவிட்டுக் கண் முடிச்சுக்குப் போனது. இரண்டு சுற்று, நுனியைத் திருப்பிச் சுற்றுக்கு அடியில் கொடுத்து, உள்ளே செருகி மறைத்த முடிச்சு. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று தெரியாது. அடுத்த கிளையிலும் அதுதான். அதற்கடுத்ததிலும். சுவர் முழுக்க அதே முடிச்சு.

அவள் ஒரு முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள்.

இந்த முடிச்சை அவள் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறாள். கூடப்பிறந்த அக்கா வீட்டுச் செடி நர்சரியில். அத்தான் கட்டியது.

அத்தானைப் பற்றி அவன் ஊரில் ஒருவர்கூடத் தவறாகப் பேசியதில்லை. அதிர்ந்து பேசமாட்டான். நகக்கண்ணில் மண் இருக்காது. அவன் கை பட்டால் காய்ந்த குச்சியும் துளிர்க்கும் என்பார்கள். அக்கா மட்டும் கோடையில் வந்து சட்டைகளுக்கெல்லாம் முழுக்கை வைத்துத் தரச் சொன்னாள். "எதுக்குக்கா?" என்று கேட்டதற்கு, "வெயில் ஒத்துக்கல" என்றாள். டெய்லரம்மா விடவில்லை. மல்லுக்கட்டிக் கையைப் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்பாவிடம் ஓடினாள். புருஷன் பெண்டாட்டி விஷயம், நீ நடுவில் போகாதே என்றார் அப்பா. அந்த மழைக்காலத்தில் அக்கா நர்சரித் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தாள். முழங்கால் அளவுத் தண்ணீர். பாசி வழுக்கிவிட்டது என்று அத்தான் தேம்பித் தேம்பி அழுதான். டெய்லரம்மா போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நாள் கணக்காக நின்றாள். ஆதாரம் கொண்டுவா என்றார்கள். அதற்குள் அவன் நர்சரியை விற்றுவிட்டுப் போய்விட்டான். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இப்போது தெரிந்துவிட்டது.

கூட்டத்தின் கடைசியில் கால் வலியோடு வந்துகொண்டிருந்த கோழிக்கடை அக்காவை அவள் ஓரமாக இழுத்தாள். அவள் செத்துப்போன அக்காவோடு படித்தவள்.

"அவன் இங்கதான் இருக்கான்."

"எவன்டி?"

"எங்க அக்கா புருஷன். இந்தப் பொண்ணு அவன் பொண்டாட்டி."

கோழிக்கடை அக்காவின் முகம் வெளிறியது. முடிச்சைப் பார்த்தாள், அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தாள். "வா, பஸ்ஸுல போய் உக்காந்துக்கலாம். நமக்கு எதுக்கு வம்பு?"

"நீ போக்கா. நான் வரல."

கோழிக்கடை அக்கா முணுமுணுத்தாள், ஆனால் போகவில்லை. அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மரங்களுக்கு எதிரே பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்ததும் அவன் வந்தான். தலை நரைத்திருந்தது, மற்றபடி அப்படியே இருந்தான். வெள்ளைச் சட்டை, அதே மெல்லிய குரல். காதைக் கொடுத்துக் கேட்டால்தான் கேட்கும், அதனாலேயே கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. அவன் பார்வை முகம் முகமாக நகர்ந்து வந்தது. டெய்லரம்மாவின் மேல் நிற்காமல் கடந்து போனது. தெரியவில்லை போலிருக்கிறது என்று அவள் மூச்சு விட்டாள்.

"கவாத்து, அதான் கிளையை வெட்டி விடறது, ஒண்ணும் பெரிய வித்தை இல்ல" என்றான். "எது வேணாம்னு முடிவு பண்ணணும், அவ்வளவுதான். முடிவு பண்ணிட்டா கை தயங்கக் கூடாது." கத்தியை எடுத்தான். "ஒரு கை உதவி வேணும். நீங்க வாங்கம்மா, ரெண்டாவது வரிசை. தையல் வேலை செய்யறவங்க மாதிரி இருக்கு. கை நடுங்காது."

கூட்டம் வியந்துபோயிற்று. "அட, எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று போஸ்ட் மாஸ்டர் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

டெய்லரம்மா எழுந்து போனாள். போகாமல் இருந்திருக்கலாம். கால்கள் அவளைக் கேட்கவில்லை.

"இந்தக் கிளையைப் பிடிங்க" என்று உரக்கச் சொன்னான். பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உதடு அசையாமல், "அப்பா இருக்காரா?" என்றான்.

"போய்ச் சேந்துட்டார்."

"நல்ல மனுஷன்." கத்தி அவள் விரலுக்கு நூலிழை தள்ளி இறங்கியது. கிளை விழுந்தது. "இவகிட்ட ஏதாவது பேசினியா?"

"இல்ல."

"பேசாத. நாங்க நல்லா இருக்கோம்."

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, கட்டுவது எப்படி என்று காட்டினான். "பார்சல் கட்டும்போது வைக்கற மாதிரி இங்க விரலை வைங்கம்மா." வைத்தாள். துணியைச் சுற்றி, நுனியைச் செருகி, இழுத்தான். விரல் உள்ளே மாட்டிக்கொண்டது. அவன் இன்னும் இழுத்தான். எலும்புவரை வலித்தது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் பொறுமையாகக் காத்திருந்தான். அவள் கத்தவில்லை.

"அடடா, விரலையும் சேத்துக் கட்டிட்டேனே!" என்று சிரித்து அவிழ்த்தான். கூட்டமும் சிரித்தது. "அப்புறம், அந்தப் பக்கம் ஒரு பழைய தொட்டி இருக்கு. யாரும் கிட்ட போகாதீங்க. பாசி. வழுக்கிடும்."

சொல்லும்போது அவளைப் பார்க்கவே இல்லை.

மாளிகையின் பின்கட்டில் டீ கொடுத்தார்கள். போஸ்ட் மாஸ்டர் தன் வீட்டு எலுமிச்சை ஏன் காய்ப்பதில்லை என்று அவனை மடக்கி நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனுஷர் வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பது முதன்முறையாக ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. கோழிக்கடை அக்கா வாசல்படியில் காவல் மாதிரி உட்கார்ந்துகொண்டாள். டெய்லரம்மா சமையற்கட்டுக்குள் நுழைந்தாள். அந்தப் பெண் மட்டும் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் கை வைக்கும்போதுகூடச் சட்டையின் கையை மடித்துவிடவில்லை. முழங்கைவரை ஈரம்.

"மடிச்சு விட்டுக்கலாமே" என்றாள் டெய்லரம்மா.

"பரவால்லக்கா. எனக்கு வெயில் ஒத்துக்காது, அதான்."

"இங்க உள்ளதான் வெயில் இல்லையே."

அந்தப் பெண் சிரித்தாள். ஆனால் கோப்பையைத் தேய்ப்பது நின்றுவிட்டது.

"எங்க அக்காவும் வெயில் ஒத்துக்கலைன்னுதான் சொன்னா. நான்தான் அவளுக்கு முழுக்கை வச்சுக் குடுத்தேன். உன் வீட்டுக்காரருக்கு நீ ரெண்டாவது சம்சாரம், அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். முதல்ல இருந்தவங்க யார்கூடவோ ஓடிப் போயிட்டாங்கன்னு சொன்னார்."

"அவ எங்கயும் ஓடல. அவ என் அக்கா. முழங்கால் தண்ணித் தொட்டியில செத்துக் கிடந்தா."

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை. போக மறந்து அங்கேயே நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. "எதுக்கு என்கிட்ட இதெல்லாம் சொல்றீங்க?" என்றாள் மெதுவாக. "சொல்லிட்டுப் பஸ் ஏறிப் போயிடுவீங்க. நான் இங்கதான இருக்கணும்?"

டெய்லரம்மா கழுவி வைத்த கோப்பையை எடுத்துத் துடைத்தாள். முறைப்படி பார்த்தால் அக்கா இடத்துக்கு வந்தவள் இவள். ஆனால் எவ்வளவு சின்னவள்.

வாசலில் கோழிக்கடை அக்கா பலமாக இருமினாள்.

"என்ன, ரெண்டு பேரும் ஊர்க் கதையா?" அவன் நிலைப்படியில் சாய்ந்து நின்றான்.

அந்தப் பெண் ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் கெட்டுவிடும். அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, எப்போதும் போலச் சிரித்தாள்.

"சட்டைக்கு அளவு எப்படி எடுப்பாங்கன்னு கேட்டுட்டு இருந்தேங்க. அக்கா, உங்க கடை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டவா?"

"எதிர்லயே" என்றாள் டெய்லரம்மா. "பஸ்ஸ விட்டு இறங்கினா நேரா கடைதான்."

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "போகலாம், ஒரு நாளைக்குப் போகலாம்" என்றான்.

பஸ் கிளம்பியதும் போஸ்ட் மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். தலைமைத் தோட்டக்காரர் அடுத்த மாதம் தம்பதி சமேதராக நம் ஊருக்கே வந்து பயிற்சி கொடுக்கச் சம்மதித்துவிட்டார் என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். டெய்லரம்மா எழுந்து நடந்துபோய் அந்த மைக்கை வாங்கிக்கொண்டாள். பிடுங்கிக்கொண்டாள் என்றும் சொல்லலாம். அக்காவின் கையில் பார்த்ததிலிருந்து அன்று டீ நேரம்வரை எல்லாவற்றையும் சொன்னாள். மைக்கில் பேசிப் பழக்கமில்லாததால் குரல் பஸ் முழுக்க அலறியது.

முடித்தபோது பழைய ஆட்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

"வருத்தமான விஷயம்தான்மா" என்றார் போஸ்ட் மாஸ்டர். "ஆனா ஒருத்தர் மேல ஆதாரம் இல்லாம இப்படிச் சொல்லலாமா? கூப்பிட்டவரை எப்படி வராதீங்கன்னு சொல்றது?"

அவர் சொல்லவில்லை. டெய்லரம்மாவும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அந்தச் சுவரைத் தாண்டி அந்தப் பெண் வெளியே வர இதைவிட்டால் வேறு வழி தோன்றவில்லை அவளுக்கு. அந்த மாதம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

வந்தார்கள். பயிற்சி நடந்த மண்டபம் கடையிலிருந்து கூப்பிடு தூரம். காலையில் அவன் வேர் வெட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் எழுந்து, அவன் பார்க்க, எல்லோரும் பார்க்க, "அளவு குடுத்துட்டு வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். அத்தனை பேருக்கு முன்னால் அவனால் என்ன சொல்ல முடியும்? சிரித்தபடி தலையாட்டினான்.

கடைக்குள் வந்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அக்கா, இனி நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்றாள். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கோழிக்கடை அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் கறி வெட்டும் கட்டையைப் போட்டு உட்கார்ந்தாள்.

மதியம் அவன் வந்தான். குனிந்து ஷட்டருக்குள் பார்த்தான். "நேரமாச்சு. வா."

"அவ வரல" என்றாள் டெய்லரம்மா.

"உன்கிட்டக் கேக்கல."

"நான்தான் சொல்றேன்."

அவன் குரலை உயர்த்தவில்லை. "நீ இப்படித்தான் உங்க அக்காவுக்கும் சொல்லிக் குடுத்துட்டு இருந்த. என்ன ஆச்சு பாத்தியா?"

விருந்தாளியைத் தேடிக்கொண்டு வந்த போஸ்ட் மாஸ்டர் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அதை அவர் கேட்டார். உள்ளே இருந்த பெண் அவரைப் பார்த்துவிட்டு, பேசாமல், இரண்டு கைகளின் பித்தானையும் கழற்றித் துணியை மேலே ஏற்றினாள். போஸ்ட் மாஸ்டர் பார்த்தார். அந்த மனுஷருக்குப் பேச்சு வராமல் போனதை ஊர் அன்றுதான் பார்த்தது. அவர் அவனைத் தள்ளிக்கொண்டு வாசலில் குறுக்கே நின்று, போலீஸுக்குப் போன் போட்டார்.

போலீஸ் வந்தது. எழுதிக்கொண்டது. அவனை அழைத்துப் போனது, விசாரித்தது, விட்டுவிட்டது. வழக்கு நடக்கும் என்றார்கள். பழைய விஷயத்தையும் தூசி தட்டிப் பார்க்கிறோம் என்றார்கள். அதுவரை ஒருவன் பஸ்ஸில் ஏறி இறங்குவதை யார் தடுக்க முடியும்?

அவன் இறங்கினான். சில நாள் மட்டும் பதினொரு மணி பஸ்ஸில் வருவான். கடைக்கு எதிரே நிழற்குடை பெஞ்சில், வெள்ளைச் சட்டை கசங்காமல் உட்காருவான். ஒரு டீ குடிப்பான். யாரிடமும் வம்புக்குப் போவதில்லை. டீக்கடைக்காரர் முதலில் கொடுக்க மறுத்தார். அவன் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தான். சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போய்விடுவான். அந்த நாட்களில் கோழிக்கடை அக்கா கடையை மூடிவிட்டு இங்கே வந்துவிடுவாள். போஸ்ட் மாஸ்டர் குடையோடு வாசலில் நிற்பார், பேசாமல். சங்கத்துப் பெண்கள் தைக்கத் துணியே இல்லாதபோதும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெண் இரண்டாவது மெஷினில் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். கோடு நேராக வர ஆரம்பித்திருந்தது.

ஒரு வாரம் அவன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஊரில் எல்லோரும், விட்டது சனியன் என்றார்கள். துணைக்கு வந்தவர்களும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அன்றும் பதினொரு மணி பஸ் வந்து, நின்று, புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. மெஷின் ஓட்டுவதை நிறுத்திவிட்டு அந்தப் பெண் திரும்பாமலே கேட்டாள்:

"அக்கா, வரலையா?"

"வரல."

"வாசல் பக்கமா வந்தா தெரியும்" என்றாள் அவள்.

டெய்லரம்மா கத்தரியைக் கீழே வைக்காமல் எழுந்தாள். கொல்லைப்புறத் தாழ்ப்பாளைக் காலையில் போட்டோமா என்று யோசித்தபடி உள்ளே நடந்தாள்.